ரயிலில் தூங்குகிறவன் பொறுப்பில்லாதவனா?

கும்மிடிப்பூண்டியில் கிளம்பும் காலை லோக்கலில் ஏறிப் பாருங்கள். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கும் பையன்களில் சிலர் சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள். பொன்னேரியில் இறங்கி நேரே உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரிக்குப் போவார்கள்.

நம்பிக்கை: அரியர் வைக்கிறவனுக்குப் பொறுப்பு இல்லை.

உண்மை: ராத்திரி முழுக்க மெஷின் முன் நின்று, சம்பளத்தை அம்மா கையில் கொடுப்பவனை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அவனுக்கு இல்லாதது தூக்கம். 2003இல் ஹான்ஸ் வான் டோங்கன் குழு அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்கள் அளவுக்குச் சரிந்தது. அந்தச் சரிவை அவர்களே பெரிதாக உணரவில்லை என்பதுதான் விபரீதம். "பழகிடுச்சு சார்" என்கிறவனை நம்பாதீர்கள்.

அவன் பொறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது: செமஸ்டர் நெருங்கும்போது ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்வதில். சொல்வது எனக்குச் சுலபம். தகுதியுள்ள மாணவனுக்கு அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ரயில் பாஸுக்குப் போதும், வீட்டு வாடகைக்குக் காணாது.

நம்பிக்கை: திரும்பத் திரும்ப வாசித்தால் மனதில் பதியும்.

உண்மை: ஐந்து நிமிடத்துக்குத்தான். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் இதைச் சோதித்தார்கள். உடனே தேர்வு வைத்தபோது மீண்டும் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பாடத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் ஒரு கேள்விக்கு இப்படி விடை எழுதிப் பார்க்கலாம், உட்கார இடம் கிடைத்தால்.

நம்பிக்கை: வகுப்புக்குப் போவது அட்டெண்டன்ஸுக்காக.

உண்மை: பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், பள்ளி மதிப்பெண்ணைவிட வகுப்பு வருகையே கல்லூரி மதிப்பெண்ணோடு நெருங்கி நின்றது.

நம்பிக்கை: மனசு சரியில்லை என்பது சாக்கு.

உண்மை: சில நாள் சாக்குதான், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்காமல், பிடித்த கிரிக்கெட்டும் கசந்து கிடந்தால் அது சாக்கு இல்லை. மனநல உதவி எண் 14416க்குப் பேசச் சொல்லுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: பகலில் அவன் படுத்திருந்தால் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.