மருந்துக் கேன் தண்ணிக் கேன் ஆகக்கூடாது



புல்லு மருந்து வந்த வெறும் கேனைக் கழுவி, அதில் தண்ணி பிடித்து வைக்கும் பழக்கம் சில லயங்களில் உண்டு. "நல்லாக் கழுவித்தானே வச்சிருக்கோம், என்ன ஆகப்போகுது?" என்று கேட்பார்கள். பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து எத்தனை தடவை கழுவினாலும் முழுதாகப் போகாது. கொஞ்சங் கொஞ்சமாகத் தண்ணியில் இறங்கும். அதைக் குடிப்பது நம் பிள்ளைகள்.

நம் மண்ணும் சாப்பாடும் மூன்று வகையில் அசுத்தமாகின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் தடுப்பது சுலபம்.

1. கிருமியும் புழுவும்

கண்ட இடத்தில் மலம் கழித்தால் கொழுக்கிப்புழுவின் முட்டை மண்ணில் பொரிக்கும். அந்தக் குஞ்சுப்புழு வெறுங்காலைத் துளைத்து உடம்புக்குள் போய், குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சும். சோர்வு, மூச்சிரைப்பு, இரத்தச்சோகை எல்லாம் இதனால் வரலாம். கர்ப்பிணிகளுக்கு இது பெரிய ஆபத்து. இலங்கைத் தோட்டங்களில் இந்தப் புழுவை ஒழிக்கும் வேலை 1916ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. வட்டப்புழுவின் முட்டையோ மண்ணில் வருடக்கணக்காக உயிரோடு இருக்கும். அழுக்குக் கையாலும் கழுவாத கீரையாலும் வாய்க்குள் போகும்.

என்ன செய்யணும்? மலசலகூடத்தையே பாவியுங்கள். மலைக்குப் போகும்போது காலணி போடுங்கள். சமைக்கும் முன்பும், சாப்பிடும் முன்பும், பிள்ளைக்குக் கால் கழுவி விட்ட பின்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பீலித் தண்ணியைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். பச்சைச் சாணத்தைக் கீரைப் பாத்திக்குப் போடாமல், நன்றாக மக்க வைத்துப் போடுங்கள். கொடுக்கும் பூச்சிக் குளிசையைத் தவறாமல் எடுங்கள்.

2. கல், ஆணி, கண்ணாடி

உடைந்த போத்தல், பழைய பட்டரி, பொலித்தீன் எதையும் மரக்கறிப் பாத்தியில் வீசாதீர்கள். அரிசி, பருப்பைப் புடைத்துக் கல் பொறுக்குங்கள். கொழுந்துச் சாக்கில் உரமோ மண்ணெண்ணெயோ ஏற்றக்கூடாது. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். ஊரார் குடிக்கும் தேத்தண்ணியும் சாப்பாடுதான்.

3. மருந்து

இதுதான் மிகவும் கவனிக்க வேண்டியது. தெளித்த மருந்து தெளித்த இடத்திலேயே நிற்காது. மழை பெய்தால் கான் வழியே ஓடி ஓடைக்குப் போகும்.

• மருந்து டாங்கியையும் மருந்தடித்த உடுப்பையும் பீலிக்கரையில் கழுவாதீர்கள். அந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.
• மருந்தடித்த மலையில் மாட்டுக்குப் புல் அறுக்காதீர்கள். பாலிலும் நஞ்சு வரலாம்.
• மரக்கறிக்கு மருந்தடித்தால் லேபலில் போட்டிருக்கும் நாட்கள் கழிந்த பிறகே பறியுங்கள்.
• மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தோடு வரும் பிள்ளைக்குச் சோடாவா, நஞ்சா என்று தெரியாது.
• வெறும் கேனை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணியைத் தெளிக்கும் டாங்கியிலேயே ஊற்றுங்கள். பிறகு கேனில் ஓட்டை போட்டு ஸ்டோரில் ஒப்படையுங்கள். எரித்தால் நச்சுப் புகை வரும்.
• கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் மருந்து வேலைக்குப் போகக்கூடாது.

யாராவது மருந்தைக் குடித்துவிட்டால் உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலில் பட்டிருந்தால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மருந்துக் கேனையும் லேபலோடு எடுத்துப் போங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இன்றைக்கு வேலை முடிந்து போனதும் உங்கள் காம்பராவில் உள்ள கேன், போத்தல் எல்லாவற்றையும் ஒரு தடவை பாருங்கள். மருந்து வந்த பாத்திரம் ஒன்று இருந்தாலும் அதை இன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கும் சொல்லுங்கள்.