அளவறிந்து வாங்குவோம்

இடைத்தரகரின்றி விவசாயிகளே நேரில் விற்பதற்காக, ஃபாமா வாரியம் 1985-ஆம் ஆண்டில் மலேசியாவில் தொடங்கியதே 'பசார் தானி' என்னும் உழவர் சந்தை. அங்கே மலிவு கண்டு கூடையை நிரப்புவது சிக்கனமன்று.

முதலில் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி விலைகளை ஒப்பிடுவோம். கங்கோங் கீரையை அன்றைய சமையலுக்கு மட்டும் வாங்குவோம். முழுப் பூசணியும் வள்ளிக்கிழங்கும் பல நாள் தாங்கும். மீனுக்குச் செவுள் சிவந்தும் கண் தெளிந்தும் இருத்தல் வேண்டும்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கும் வழக்கத்தை நாம் அறவே விடவேண்டும். ஒடித்துப் போட்ட காயைப் பிறர் வாங்கார், நட்டம் உழைத்தவருக்கே. விரலால் மெல்ல வளைத்தாலே இளசு தெரிந்துவிடும்.

வீட்டில் அழுகும் கீரையும் சந்தையில் ஒடியும் காயும் வீண்விரயமே. நம் பணத்தையும் பிறர் பாட்டையும் சேர்த்துக் காப்பதே உண்மையான சிக்கனம்.