மூன்றாண்டு எந்த நாளில் தொடங்குகிறது?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் கடன் இல்லாமல் படகு கடலுக்குள் இறங்குவது அரிது. டீசல், ஐஸ், வலை, இன்ஜின் சாமான் எல்லாம் கணக்கில் எழுதித்தான் போகும். மீன் விற்றதும் தீர்ப்பார்கள். தீராமல் நின்றுவிடும் பாக்கியைப் பற்றித்தான் தப்பான நம்பிக்கைகள் பல உலவுகின்றன. அவற்றை நம்பி, நியாயமாக வரவேண்டிய பணத்தைச் சிறு கடைக்காரர்கள் இழப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“வழக்குப் போட, கடைசியாகச் சரக்கு எடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம்” என்ற நம்பிக்கைதான் அதிகச் சேதம் செய்வது. தவணை பேசாமல் கொடுத்த சரக்குக்கு, 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, அந்தந்தச் சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்தே மூன்றாண்டு ஓடத் தொடங்கும். 2023 மார்ச் 10 அன்று கொடுத்த வலைக்கு 2026 மார்ச் 10க்குள் வழக்குப் போட்டாக வேண்டும். அதே ஆள் 2025இல் கயிறு வாங்கினார் என்பதால் வலையின் கெடு நீளாது. ஒரு மாதத் தவணை பேசியிருந்தால் அந்த மாதம் முடிந்த பிறகு கணக்கு தொடங்கும். இருவரும் ஒருவருக்கொருவர் தனித்தனியே கடன்பட்டு வரும் நடப்புக் கணக்கு மட்டும் வேறு. அதற்குக் கடைசிப் பதிவு விழுந்த ஆண்டின் முடிவிலிருந்து மூன்றாண்டு. ஒருவர் சரக்கு கொடுக்க, மற்றவர் பணம் மட்டும் கொடுத்துவரும் கணக்கு இதில் சேராது.

“மீன்பிடித் தடைக்காலத்தைக் கழித்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். சட்டத்தின் நாள் கணக்கு நிற்காது.

ஆனால் இந்தக் கரையில் பலருக்கும் தெரியாத ஒரு கழிவு உண்டு. கடன்பட்டவர் இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கழித்துவிடுகிறது. கீழக்கரையிலிருந்து துபாய்க்குப் போனவரானாலும், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்தவரானாலும், அந்த நாட்கள் கணக்கில் வராது. கடன் கொடுத்தவர் வெளிநாட்டில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. வளைகுடாவில் இருந்துகொண்டு ஊரில் பாக்கி வசூலிக்க வேண்டியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

“வக்கீல் நோட்டீஸ் விட்டாச்சு, இனிக் கவலையில்லை.” நோட்டீஸ் ஒருநாள்கூடக் கெடுவை நீட்டாது. “அடுத்த சீசன்ல தந்துர்றேண்ணே” என்று போனில் சொன்னதும் நீட்டாது. கெடு முடிவதற்குள், பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு கடன்பட்டவர் எழுத்தில் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு. கொஞ்சம் பணம் கட்டினாலும் அப்படியே. ஆனால் கட்டியதற்கு அவர் கைப்பட எழுதியதோ அவர் கையெழுத்திட்டதோ சான்று வேண்டும். நீங்கள் உங்கள் பேரேட்டில் வரவு வைத்துக்கொண்டால் போதாது. புரோநோட்டிலும் தப்புக் கணக்கு உண்டு: கேட்டபோது தரவேண்டிய நோட்டுக்குக் கேட்ட நாள் கணக்கில்லை, நோட்டின் தேதிதான் கணக்கு.

எதிராளி கெடுவைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும். சட்டத்தின் 3ஆம் பிரிவு அப்படி. தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுவும் இங்கே செல்லாது. அது மேல்முறையீடு போன்றவற்றுக்குத்தான்.

இதையெல்லாம் கேட்டு, “மூணு வருஷம் போனா கடனே இல்லை” என்று எண்ணுவதும் தப்பு. வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது, கடன் அழிவதில்லை என்று பாம்பே டையிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957இலேயே சொல்லிவிட்டது. கெடு தாண்டிய கடனைத் தருவதாக ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அது புது ஒப்பந்தம்; அதை வைத்து வழக்குப் போடலாம்.

பாக்கி 3 லட்சமோ அதற்கு மேலோ இருந்து, வியாபாரக் கொடுக்கல் வாங்கலாகவும் இருந்தால், அவசரத் தடையுத்தரவு போன்றவை கேட்காதவரை, வழக்குக்கு முன் சமரசப் பேச்சுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அந்தப் பேச்சு நடக்கும் காலம் மூன்றாண்டுக் கணக்கில் சேராது. விண்ணப்பத்தைக் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.