புள்ளிகளில் மறைந்திருந்த வடிவம்

நுழையும்முன்
நாம் உள்ளிழுக்கும் மூச்சுக்காற்றிலுள்ள ஆக்சிஜனை உடலெங்கும் கொண்டுசேர்ப்பது குருதியிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதம். நுண்ணோக்கிக்கும் புலப்படாத அதன் வடிவத்தைக் காண முற்பட்ட ஓர் ஆய்வு மாணவரின் பயணத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வேதியியல் அழைத்தது
மாக்ஸ் பெருட்ஸ் 1914ஆம் ஆண்டு வியன்னாவில், நெசவாலை நடத்திய குடும்பத்தில் பிறந்தார். அவர் சட்டம் பயிலவேண்டும் எனப் பெற்றோர் விரும்பினர். பள்ளி ஆசிரியர் ஒருவர் ஊட்டிய ஆர்வமோ அவரை வேதியியலின்பால் ஈர்த்தது. 1936இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சென்று, பெர்னல் என்னும் அறிஞரிடம் முனைவர் பட்ட மாணவராகச் சேர்ந்தார். பெப்சின் என்னும் புரதத்தின் படிகத்தை உலரவிடாமல் எக்ஸ் கதிரால் படமெடுத்து, புரதத்திற்கும் ஒழுங்கான வடிவம் உண்டென 1934இல் உணர்த்தியவர் பெர்னல்.

நகைத்த நண்பர்கள்
படிகத்தின்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அது சிதறி ஒளிப்படத்தில் புள்ளிகளாகப் பதியும். அப்புள்ளிகளைக்கொண்டு அணுக்களின் இருப்பிடத்தைக் கணித்தல் வேண்டும். அந்நாளில் அவ்வாறு வடிவம் கண்டறியப்பட்ட கரிமப்பொருள்களுள் மிகச் சிக்கலானது 58 அணுக்களே உடையது. பெருட்ஸ் 1937இல் தேர்ந்துகொண்ட ஹீமோகுளோபினிலோ ஆயிரக்கணக்கான அணுக்கள்! உடன்பயின்றோர் அவரை இரக்கத்தோடு பார்த்துப் புன்னகைத்தனர்.

அலைக்கழித்த காலம்
1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கைப்பற்றினார். குடும்பத்தின் தொழில் பறிபோயிற்று; பெற்றோர் ஏதிலிகளாயினர்; மாணவரின் பொருளுதவியும் நின்றது. ஆய்வகத் தலைவராக வந்த பிராக், ஆய்வுக்கு நிதியுதவி பெற்றுத் தந்து காத்தார். 1940இல் பெருட்ஸ் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் பகைநாட்டவர் எனக் கருதப்பட்டுச் சிறைவைக்கப்பட்டு, கனடாவுக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டில் கேம்பிரிட்ஜ் திரும்பியவர், விட்ட இடத்திலிருந்து ஆய்வைத் தொடர்ந்தார்.

பாதரசம் காட்டிய வழி
ஒவ்வொரு புள்ளியின் செறிவையும் படம் காட்டும். அதனை உருவாக்கிய அலைகளின் கட்டத்தைக் காட்டாது. அஃதின்றி வடிவம் தெளியாது. 1953இல் பெருட்ஸ் ஹீமோகுளோபினோடு பாதரச அணுக்களை இணைத்துப் படமெடுத்தார். புள்ளிகளின் செறிவு சற்றே மாறியது. இரு படங்களையும் ஒப்பிட்டபோது மறைந்திருந்த செய்தி வெளிப்படலாயிற்று. 1959இல் ஹீமோகுளோபினின் வடிவம் புலனாயிற்று. 1962இல் ஜான் கெண்ட்ரூவுடன் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மாணவப் பருவத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை காண 22 ஆண்டுகளாயின. பட்டம் கைக்கு வந்த நாளிலும் வினா அவரைவிட்டு நீங்கவில்லை. அவரும் வினாவை விட்டு நீங்கவில்லை. பட்டம் ஆய்வுக்கு வாயில், முடிவன்று.

கற்பவை கற்றபின்
1. பெருட்ஸ் எளிய பொருளொன்றைத் தேர்ந்திருக்கலாமா? வகுப்பில் கலந்துரையாடுக.
2. விடை காண விழையும் அறிவியல் வினா ஒன்றை எழுதி, அதனைத் தேர்ந்த காரணத்தை விளக்குக.