ஹப்சிகுடாவில் ரோடு பைக் வாங்குகிறீர்களா? முதலில் ரோட்டைப் பாருங்கள்

ரோடு பைக் வாங்க வருகிறவர்கள் முதலில் எடையைத்தான் கேட்கிறார்கள். கடைக்காரரும் ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுவார். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஒரு கிலோ குறைவதால் பத்து நிமிட மேட்டில் மிச்சமாவது ஏழெட்டு வினாடிதான். அதற்காகப் பல்லாயிரம் ரூபாய் கூடக் கொடுப்பது அவரவர் இஷ்டம்.

முதல் வேலை, ஓட்டப்போகும் பாதையை ஒரு ஞாயிறு காலை ஸ்கூட்டரிலாவது சுற்றி வருவது. ஹைதராபாதின் ஹப்சிகுடாவிலிருந்து கிழக்கே போனால் மெட்ரோ தூண்களை ஒட்டி உப்பல், பிறகு வாரங்கல் நெடுஞ்சாலை. உப்பல்–நாரப்பள்ளி மேம்பாலப் பணி 2018-இல் தொடங்கி வருடக்கணக்கில் இழுத்ததில் அந்தத் துண்டு ரோடு பட்ட பாடு, அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கட்கேசரைத் தாண்டினால்தான் மூச்சுவிட்டு மிதிக்கலாம். மேற்கே தர்னாகா பக்கம் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகம்: மரநிழல் உண்டு, வேகத்தடைகளும் உண்டு. வழுவழுப்பான பாதை என்றால் 2023-இல் வெளிவட்டச் சாலையோரம் திறந்த, சோலார் கூரை போட்ட 23 கிலோமீட்டர் சைக்கிள் தடம். அது நானக்ராம்குடா, நார்சிங்கி, கொல்லூர் பக்கம், அதாவது ஊரின் மறுகோடி. சைக்கிளைக் காரில் ஏற்றிப்போகத் தயார் என்றால் மட்டும் அதைக் கணக்கில் சேருங்கள்.

அடுத்து ஃபிரேம். ரேஸ் பைக்குக்கும் எண்டூரன்ஸ் பைக்குக்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் அதே வளைந்த ஹேண்டில்தான். நிறுவனத்தின் அளவு அட்டவணையில் இரண்டு எண்களைத் தேடுங்கள். பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து ஃபிரேமின் முன்தலை எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் என்பது ரீச். ஸ்டாக்கை ரீச்சால் வகுத்தால் 1.4-ஐ ஒட்டி வருவது குனிய வைக்கும் ரேஸ் பைக், 1.5-ஐத் தாண்டினால் முதுகுக்கு இரக்கம் காட்டும் எண்டூரன்ஸ் பைக். டிரெக்கில் எமோண்டாவும் டொமானேயும், ஜயண்டில் டிசிஆரும் டிஃபையும், ஸ்பெஷலைஸ்டில் டார்மாக்கும் ரூபேயும் இப்படிப் பிரிந்த ஜோடிகள். டெக்கத்லானில் டிரிபான் என்ற பெயரில் வருபவை சொகுசுப் பக்கம். வான் ரைசல் பெரும்பாலும் ரேஸ் பக்கம்.

குனிவதால் லாபம் இல்லாமல் இல்லை. சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தொட்டால் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே போகிறது. அந்தக் காற்றை அதிகம் தடுப்பது சைக்கிள் அல்ல, உங்கள் உடம்பு. ஆனால் அந்தக் குனிவில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால்தான் லாபம். கழுத்து வலித்து நிமிர்ந்துகொண்டால் கொடுத்த காசு காற்றோடு போயிற்று.

ஆகவே உடம்பை அளந்துகொள்ளுங்கள். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கிடையே ஒரு தடித்த புத்தகத்தை மேலே அழுத்தி, அதன் விளிம்புக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை எடுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் அதே நடு அச்சிலிருந்து சீட் இருக்கவேண்டிய உயரம் ஏறக்குறைய வந்துவிடும். அந்த உயரத்தில் சீட்டை வைக்கச் சொல்லி, கடை வாசலில் ஒரு ரவுண்டு அல்ல, குறைந்தது அரைமணி ஓட்டுங்கள். பிரேக் பிடியின் மேல் கை வைத்திருக்கும்போது முழங்கை லேசாக மடிந்திருக்கவேண்டும். விறைத்து நீண்டாலோ சுண்டுவிரல் மரத்தாலோ ரீச் உங்களுக்கு அதிகம்.

டயர்தான் ஹைதராபாதில் பாதி தீர்ப்பு. ஃபோர்க்கின் அடிவளைவுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பழைய ரிம் பிரேக் ரேஸ் பைக்குகள் பலவற்றில் 25 மில்லிமீட்டர், மிஞ்சினால் 28, அதற்குமேல் இடமில்லை. எண்டூரன்ஸில் 32 தாராளமாகப் போகும். டயர் பருத்தால் காற்றைக் குறைத்து வைக்கலாம், பள்ளத்தின் அதிர்ச்சி மணிக்கட்டுக்குக் குறைவாகவே வரும். கியருக்கு, முன்னே சிறிய பல்சக்கரம் 34, பின்னே பெரியது 32 இருந்தால் இந்த ஊர் ஏற்ற இறக்கத்துக்குப் போதும்.

“200 கிலோமீட்டர் பிரெவே ஓட்ட ரேஸ் பைக் வேண்டாமா?” என்று கேட்பார்கள். பிரெவே என்பது நேர வரம்புக்குள் முடிக்கவேண்டிய நீண்டதூர ஓட்டம்; 200 கிலோமீட்டருக்குத் தரும் நேரம் பதின்மூன்றரை மணி. டீ, டிபன் நிறுத்தமெல்லாம் சேர்த்தும் சராசரி 15 கிலோமீட்டர் வந்தால் போதும். அங்கே முதுகு தாங்குவதுதான் வேகம்.

உப்பல் பக்கமே ஓட்டப்போகிறவருக்கு என் ஓட்டு எண்டூரன்ஸுக்குத்தான். காரணம் எளிது: ஹேண்டிலுக்கு அடியில் உள்ள ஸ்பேசர் வளையங்களை எடுத்து மேலே போட்டால் அது இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தாழும், காசு செலவில்லை. தாழ்வான ரேஸ் ஃபிரேமை அந்த அளவு உயர்த்துவது பாடு. வாரம் தவறாமல் வேகமான குழுவோடு நல்ல ரோட்டில் ஓட்டுபவர், உடம்பும் வளைகிறது என்றால், தயங்காமல் ரேஸ் பைக் எடுக்கலாம்.

எதை வாங்கினாலும், பில் போடும்முன் ஃபோர்க் குழாயின் மேல்நுனியை வெட்டவேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் ஓட்டி, ஹேண்டில் உயரம் பழகிய பிறகு வெட்டிக்கொள்ளலாம்.