லாரிச் சக்கரங்களுக்குத் தகுந்த ஸ்டட்டும் நட்டும்

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கங்களில் நிலமுடையோர் சிலர் சொந்தமாக லாரியோ, டிராக்டரின் பின்னே பூட்டும் டிரெய்லரோ வைத்திருக்கின்றனர். அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் ஏற்றுவதோடு, மற்ற மாதங்களில் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வரையில் வாடகைக்கு ஓட்டியும் வருமானம் தேடுகின்றனர். டயர் தேய்ந்தால் உடனே கவலை கொள்ளும் இவர்கள், அந்த டயரைத் தாங்கும் டிஸ்க்கையும், அதனை ஹப்போடு பிணைக்கும் ஸ்டட், நட்டுகளையும் பற்றி எண்ணுவது அரிதாயிருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டியினின்றும் கழன்றோடும் சக்கரம் வழியில் நிற்பவரைக் கொன்றுவிடக் கூடியது. ஆகையால் இவ்விஷயம் சிறிதன்று.

மாட்டுவண்டியில் சக்கரம் அச்சின்மேல் சுழல்கிறது. அது வெளியே நழுவாமல் கடையாணி தடுக்கிறது. ஆணி சற்று ஆடினாலும் வண்டி ஓடும். லாரியின் ஏற்பாடு முற்றிலும் வேறு. இதில் சக்கரம் ஹப்போடு ஒட்டி, அதனுடனேயே சுழல்கிறது. நட்டை முறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு நீண்டு, ரப்பரைப்போல் டிஸ்க்கை ஹப்பின்மீது இழுத்து அழுத்துகிறது. 22 மில்லிமீட்டர் ஸ்டட் ஒன்று சரியான முறுக்கில் 10 டன்னுக்குக் குறையாத பலத்தோடு அழுத்தும். இரு முகங்களுக்கும் இடையே அதனால் உண்டாகும் உராய்வே பாரத்தையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குகிறது. நட்டு தளர்ந்தால் உராய்வு குறையும். டிஸ்க் அசையத் தொடங்கும். ஸ்டட் வெட்டுண்டு முறியும். கடையாணியை நினைத்துக்கொண்டு, "பத்து நட்டில் இரண்டு இல்லாவிட்டால் என்ன?" என்று கேட்பவர் இதனை ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

வாகனத் தொழில் வடசென்னைக்குப் புதியதன்று. 1946-ஆம் ஆண்டில் எம்.ஆர்.எஃப். நிறுவனம் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிற்று. 1948-இல் ஏற்பட்ட அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறி எண்ணூரில் லாரிகளைச் செய்யலாயிற்று. ஆதியில் வந்த லாரிகள் பிரிட்டிஷ் மாதிரியானவை. பிற்பாடு ஜப்பானிய, ஐரோப்பிய முறைகளும் வந்து சேர்ந்தன. இதனால் பழைய சாமான் விற்கும் கடைகளில் பல முறை டிஸ்க்குகள் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. மோசம் நேருவது இங்கேதான்.

ஒருவர் பத்துத் துளை டிஸ்க் ஒன்றை மலிவாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். துளைகளின் மையங்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் 335 மில்லிமீட்டர். தம் வண்டியிலும் அதுவே. மாட்டிப் பார்க்கிறார், பொருந்துகிறது. ஆனால் பொருந்துவதாகத் தோன்றுவது வேறு, பொருந்துவது வேறு. ஒரு முறையில் துளையின் வாய் கிண்ணம்போல் குடையப்பட்டிருக்கும். அதில் உருண்டை முகமுள்ள நட்டு அமர்ந்து சக்கரத்தை நடுவில் நிறுத்தும். மற்றொரு முறையில் ஹப்பின் நடு விளிம்பே சக்கரத்தை நிறுத்துகிறது. துளை நேராயிருக்கும், நட்டு வாஷரோடு கூடிய தட்டை முகமுடையது. கிண்ணத் துளையில் தட்டை நட்டு விளிம்பை மாத்திரம் தொடும். நேர்த்துளையில் உருண்டை நட்டு ஒரு கோட்டளவில் மட்டுமே படிந்து துளையின் ஓரத்தைத் தின்றுவிடும். இரண்டும் சில நாள் ஓடும். அதுவே பெரிய அபாயம்.

அலுமினிய டிஸ்க் வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். அது இரும்பு டிஸ்க்கைவிடத் தடிப்பானது. பழைய ஸ்டட் எட்டாது. நட்டு முழுவதும் ஏறி, அதற்கு வெளியே ஓரிரு புரியாவது தெரியவேண்டும். தெரியாவிடின் நீளமான ஸ்டட் போடாமல் வண்டியை நகர்த்தலாகாது. டிரெய்லருக்குப் பட்டறையில் அச்சு செய்விப்போர் பழைய லாரி டிஸ்க்கைக் கொடுக்குமுன் இவற்றையெல்லாம் அளந்து பார்ப்பது நல்லது.

மாட்டும்போது முதல் வேலை சுத்தம் செய்வது. எண்ணூர்க் கடற்காற்றில் உப்பு மிகுதி. துரு விரைவில் ஏறும். துருவும், தடித்த பெயின்ட்டும் இரு முகங்களின் நடுவே இருந்தால், ஓட்டத்தில் அவை நசுங்கி இறுக்கம் தானே குறையும். முகங்களில் கிரீஸ் தடவுவது கெடுதி. தட்டை நட்டின் புரிக்கும் வாஷருக்கும் இரண்டொரு சொட்டு எண்ணெய் போதும். உருண்டை நட்டுக்குத் தயாரிப்பாளர் சொன்னபடி செய்க. எதிரெதிர் நட்டுகளாக மாறி மாறி முறுக்குக. 22 மில்லிமீட்டர் தட்டை நட்டுக்கு ஏறக்குறைய 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு சொல்லப்படுகிறது. அதாவது ஒரு மீட்டர் நீளப் பிடியின் நுனியில் 60 கிலோ எடை தொங்குவதற்குச் சமானம். ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகி அதன்மேல் குதிக்கும் வழக்கம் ஸ்டட்டை அளவுக்கு மேல் நீட்டிப் பாழாக்கும். ஏர் கன் வைத்திருக்கும் பஞ்சர் கடையிலும், முடிவில் டார்க் ரெஞ்சால் முறுக்கும்படி கேட்கலாம்.

பின்னால் இரட்டைச் சக்கரமுள்ள உருண்டை நட்டு வண்டிகளில் உள்சக்கரத்துக்குத் தனி நட்டு உண்டு. வெளிநட்டைத் தளர்த்தாமல் உள்நட்டை முறுக்க முடியாது. வெளிநட்டை மாத்திரம் இறுக்கிவிட்டு நிம்மதியடையும் ஓட்டுநர் பலர். மேலும் இவ்வகைப் பழைய வண்டிகளில் இடப்பக்க நட்டுகள் இடப்புரி உள்ளவை. எதிர்த்திசையில் முறுக்கி முறித்தவர் குறைவல்லர். நம்மைப்போலவே இடப்பக்கம் வண்டியோட்டும் இங்கிலாந்தில் ஆராய்ந்தபோது, பெரும்பாலும் கழல்வது இடப்பின்சக்கரமே எனக் கண்டனர். அதனை முதலில் பார்ப்பது புத்தி.

புதிதாய் மாட்டிய சக்கரத்தை 80 கிலோமீட்டருக்குள் மறுபடி முறுக்கிப் பார்க்கவேண்டும். பொன்னேரியிலிருந்து துறைமுகம் போய் வரும் தூரம் ஏறக்குறைய அவ்வளவே. நெல் கொள்முதல் நிலையத்துக்கு வரும் வண்டிகளைக் கிராம அலுவலரும் ஒரு கண்ணோட்டமாய்ப் பார்த்துவிடலாம். நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருத்தல், துளையோரம் புதிதாய்ப் பளபளத்தல், துளை நீள்வட்டமாதல் ஆகியவை தளர்ச்சியின் அடையாளங்கள். துளை நீண்ட டிஸ்க்கை எவ்வளவு முறுக்கினும் பயனில்லை, அதனை விலக்குக. ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் அதன் இரு பக்கத்தவற்றையும் சேர்த்து மாற்றுக. இரண்டு முறிந்திருந்தால் அந்த ஹப்பின் ஸ்டட் அனைத்தையும் மாற்றவேண்டியதே.