கிறுக்கு அல்ல, இடியோசின்கிராட்டிக்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு



நம் விடுதியில் ஒருவன் சோறு தனியாக, குழம்பு தனியாகத்தான் சாப்பிடுவான். இன்னொருவன் பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தைத் தொடவே மாட்டான், துணி துவைத்துக்கொண்டிருப்பான். இவர்களைப் பற்றிப் பேச நாம் என்ன சொல் வைத்திருக்கிறோம்? "அவன் ஒரு மாதிரிடா", "லூசு", "கிறுக்கு". மூன்றுமே ஆளைக் குறைக்கிற சொற்கள். ஆளைக் குறைக்காமல் அதே செய்தியைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு அட்ஜெக்டிவ் இருக்கிறது. அதுதான் இடியோசின்கிராட்டிக். நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நானும் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன்தான். பிரித்துப் பார்த்தால் இது நமக்குப் பழகின சரக்கு என்று தெரியும்.

சொல்லின் பிறப்பு

இது கிரேக்கச் சொல். மூன்று துண்டுகள். 'இடியோஸ்' என்றால் தனக்கே உரியது. 'சின்' என்றால் சேர்ந்து. 'கிராசிஸ்' என்றால் கலவை. ஆக, ஒருவருக்கு மட்டுமே உரிய கலவை.

எதன் கலவை? பழைய கிரேக்க வைத்தியர்கள் மனித உடம்பில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்மங்கள் உண்டு என்றும், அவை கலந்திருக்கும் விகிதம்தான் ஒருவனுடைய உடம்பையும் குணத்தையும் தீர்மானிக்கிறது என்றும் நம்பினார்கள். நம் சித்த வைத்தியம் வாதம், பித்தம், கபம் என்று மூன்றைச் சொல்லும். "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று இன்றும் நாம் பேசுவது இந்த வழியில் வந்ததுதான்.

அந்த நான்கு நீர்மக் கணக்கை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. சொல்லை மட்டும் விடவில்லை. குளோராம்ஃபெனிகால் என்ற மருந்து, பல ஆயிரம் பேரில் யாரோ ஒருவருக்கு மட்டும் எலும்பு மஜ்ஜையைச் செயலிழக்கச் செய்துவிடும். மருந்தின் அளவு கூடிப்போனதால் அல்ல; அந்த உடம்பின் வாகு அப்படி. இதை 'இடியோசின்கிராட்டிக் ரியாக்ஷன்' என்கிறார்கள்.

எழுத்துப் பிழை வேண்டாம்

இதன் பெயர்ச்சொல் 'இடியோசின்கிரஸி'. இதன் கடைசியில் எஸ், ஒய் என்றுதான் எழுத வேண்டும். 'டெமாக்ரஸி' போல சி, ஒய் போட்டால் தப்பு. காரணம் உண்டு. டெமாக்ரஸியில் இருப்பது 'கிராட்டோஸ்', அதாவது ஆட்சி. இதில் இருப்பது 'கிராசிஸ்', கலவை. பொருள் தெரிந்தவனுக்கு எழுத்து தானாக வரும், மனப்பாடம் தேவையில்லை. உச்சரிக்கும்போது 'கிராட்' என்ற இடத்தில் அழுத்தம் கொடுக்கவும்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

எக்சென்ட்ரிக்: இது நம் ஒர்க்ஷாப் சொல். நாலு ஜா சக்கில் ஜாபை மையம் தள்ளிப் பிடித்து எக்சென்ட்ரிக் டர்னிங் செய்கிறோம் அல்லவா? மனிதனுக்குச் சொன்னாலும் அதே பொருள்தான். ஊர் ஒரு மையத்தைச் சுற்ற, இவர் வேறு மையத்தைச் சுற்றுகிறார்.

ஆட்: ஆட் நம்பர் என்றால் ஒற்றைப்படை எண். ஜோடி சேராமல் மிஞ்சி நிற்பது.

பெக்யூலியர்: லத்தீனில் 'பெக்கு' என்றால் கால்நடை. அதிலிருந்து 'பெக்கூலியம்', சொந்தச் சொத்து. அதிலிருந்து பெக்யூலியர், ஒருவருக்கே சொந்தமானது. நம் மொழியிலும் மாடு என்றால் செல்வம். வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் அந்தப் பொருளில்தான் அச்சொல்லை வைத்திருக்கிறார். ஆனால் இன்று பெக்யூலியர் என்றால் 'விநோதம்' என்ற வாடையும் சேர்ந்தே வருகிறது.

எக்சென்ட்ரிக்கும் ஆடும் ஊரோடு ஒப்பிட்டு அளக்கிற சொற்கள். இடியோசின்கிராட்டிக் ஆளை அவருடைய கலவையை வைத்தே பார்க்கிற சொல். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

எங்கே பயன்படுத்தலாம்?

1. பெரும்பாலும் ஆளுக்கு நேராகச் சொல்லாமல் அவருடைய பழக்கம், கையெழுத்து, பாணி, முறை இவற்றுக்குச் சொல்வது நல்லது. "ஹி ஹாஸ் இடியோசின்கிராட்டிக் ஹேண்ட்ரைட்டிங்" என்பது சரி. பும்ராவின் பந்து வீச்சுக்கும் சொல்லலாம். அந்தத் தயங்கித் தயங்கி வரும் ஓட்டமும் விறைத்த கையும் அவருக்கே உரியவை.

2. ஊரே செய்வது இதில் சேராது. வாசலில் செருப்பைக் கழற்றுவது வழக்கம். அதற்கு இந்தச் சொல் பொருந்தாது.

3. விதியை மீறுவது இதில் சேராது. கண்ணாடி போடாமல் கிரைண்டிங் பிடிப்பவன் "அது என் பாணி" என்று சொல்ல முடியாது. கண் போனால் போனதுதான்.

4. இயந்திரத்துக்கும் சொல்லலாம். நம் ஒர்க்ஷாப்பில் ஒரு பழைய லேத், ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்தி விட்டு, மறுபடி அழுத்தினால்தான் ஓடும். அது அதனுடைய இடியோசின்கிரஸி.

ஒரு சொல்லால் என்ன ஆகிவிடும்?

கேட்பீர்கள். சொல்கிறேன். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதி வைப்பார். நிரூபணம் இருக்காது. மற்ற பாடங்களை விட்டுவிட்டதால் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. 1913-ல் அவர் எழுதிய கடிதத்தைப் பார்த்த கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி, வழக்கமில்லாத முறை என்று ஒதுக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து படித்தார். 1918-ல் இராமானுஜன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்.

இது பெரியவர்கள் கதை. எங்கள் வீட்டிலேயே ஒன்று உண்டு. என் அப்பா கொத்தனார். பள்ளிக்கூடம் போனதில்லை. காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் முழு நாள் வேலைக்கு ஒரு வட்டம், அரை நாளுக்குப் பாதி வட்டம் போடுவார். பூச்சு வேலைக்கு உள்ளே ஒரு கோடு, தளம் போட்டால் இரண்டு கோடு, பாக்கிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை. அவரே உண்டாக்கிய எழுத்து. ஒரு தடவை மூன்று அரை நாள் கூலியில் கணக்கு இடித்தது. காண்டிராக்டர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, வெறும் கிறுக்கலு" என்றார். அப்பா கோபப்படவில்லை. "தேதியச் சொல்லுங்க, வேலையச் சொல்றேன்" என்றார். எந்த வீடு, எந்தச் சுவர், மத்தியானம் எதனால் வேலை நின்றது என்று ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூன்று அரை நாள் கூலியையும் கொடுத்தார்.

கிறுக்கல் என்று தள்ளியிருந்தால் அந்தப் பணம் வந்திருக்காது. அது அப்பாவின் இடியோசின்கிராட்டிக் கணக்கு முறை. படிக்கத் தெரிந்தால் அதுவும் கணக்குதான்.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்று சில நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. 'உடல்வாகு', 'கைவாகு' என்கிறோமே, அந்த 'வாகு' இதற்கு மிக நெருங்கியது. 'தனிப்பாணி' என்றும் சொல்லலாம். நல்ல சொல் நம்மிடம் இருந்தும் வாயில் முதலில் வருவது 'லூசு' ஆகிவிட்டது.

பயிற்சி: உங்கள் அறை நண்பர்கள் மூவரைப் பற்றி இந்தச் சொல்லை வைத்து ஆளுக்கொரு ஆங்கில வாக்கியம் எழுதுங்கள். எழுதியதை அவரிடமே காட்டுங்கள். படித்துவிட்டு அவர் முகம் சுளிக்காமல் சிரித்தால், சொல்லைச் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள்.